கவாய் தீவின் 72 பிள்ளைகள்

ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை ஓர் ஆய்வுக் குழு பதிவு செய்துகொண்டது. கரும்பு, அன்னாசித் தோட்ட வேலைக்காக ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் வழியில் வந்த குடும்பங்கள் பல. 1, 2, 10, 18, 32, 40 வயதுகளில் இவர்களைத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். இந்த நெடுங்கால வேலையின் முதுகெலும்பு எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள்.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தொடக்கமே சரியில்லை. வறுமை, பிரசவச் சிக்கல், ஓயாத சண்டை, குடி, பெற்றோரின் மனநோய் எனப் பலவும் ஒரே வீட்டில் சேர்ந்திருந்தன. அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் படிப்பிலோ நடத்தையிலோ சறுக்கினார்கள். இதில் வியப்பில்லை. மிச்சமிருந்த 72 பேர் நன்றாகப் படித்து, வேலைக்குப் போய், அக்கறையும் தன்னம்பிக்கையும் உள்ள மனிதர்களாக வளர்ந்ததுதான் வியப்பு.

எது கெடுத்தது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், எது காப்பாற்றியது என்று வெர்னர் கேட்டார். கைக்குழந்தைப் பருவத்திலேயே எளிதில் சிரித்துப் பழகும் சுபாவம் ஒரு காரணம். ஆனால் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது வேறு: வீட்டில் அப்பா அம்மா எப்படியிருந்தாலும், அந்தப் பிள்ளையை விடாமல் பார்த்துக்கொண்ட ஒருவராவது இருந்தார். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், தேவாலயத்துப் போதகர் என்று ஆள்தான் மாறியது. தம்பி தங்கையைக் கவனிப்பது போல, தன்னை நம்பி ஒரு பொறுப்பு இருந்ததும் பலருக்குக் கைகொடுத்தது. (குழந்தைகளை வேலைக்கு அனுப்ப இதைச் சாக்காக்க வேண்டாம்.)

இப்படிக் கைகொடுத்தவரை நினைக்கும்போது எழுவதுதான் நன்றி; அதனால் நன்றியுணர்வு ஆய்வுகளையும் இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2003-ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் கல்லூரி மாணவர்களை வாரம் ஒருமுறை, பத்து வாரம் எழுதச் சொன்னார்கள். ஒரு பிரிவினர் நன்றி பாராட்டத் தக்கவற்றை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எரிச்சல்களை. மூன்றாம் பிரிவினர் வெறும் நிகழ்வுகளை. நன்றி எழுதியவர்களுக்கு வாழ்க்கை மீது திருப்தி கூடியது, உடல் உபாதை பற்றிய புகார் குறைந்தது. நரம்புத்தசை நோய் உள்ளவர்களிடம் செய்த இன்னொரு சோதனையில், அப்படி எழுதியவர்கள் கூடுதல் நேரம் தூங்கியதாகச் சொன்னார்கள். அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுக்கும் மாற்றம் தெரிந்தது.

இதை வைத்து ‘நன்றி டைரி’ விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். பிற்பாடு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இந்தப் பயிற்சியின் பலன் சிறிதுதான் என்று தெரிந்தது. எனக்கு அதில் ஏமாற்றமில்லை. நன்றி என்பது இன்னொருவரை நோக்கிய உணர்வு. அந்த இன்னொருவர் வாழ்க்கையில் இருந்தால்தான் நோட்டில் எழுதப் பெயர் கிடைக்கும். கஷ்டத்தில் இருப்பவரிடம் ‘நன்றியோடு இரு, மனசைத் திடப்படுத்திக்கொள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்வது, கவாய் தீவு காட்டியதற்கு நேர் எதிர்.

கவாயில் சறுக்கிய பிள்ளைகளின் கதையும் 18 வயதோடு முடியவில்லை. முப்பது, நாற்பது வயதுக்குள் அவர்களில் பெரும்பாலோர் நிமிர்ந்துவிட்டார்கள். சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து மறுபடி படித்தது சிலரைத் தூக்கிவிட்டது. ராணுவத்தில் கற்ற தொழில் சிலரை. திருச்சபையின் அரவணைப்பு சிலரை. நல்ல துணை வாய்த்ததும் பலருக்குத் திருப்புமுனையானது. பதின்வயதிலேயே தாயான பெண்களில் பெரும்பாலானவர்களின் நிலைமையும் முப்பது, நாற்பது வயதுக்குள் மேம்பட்டிருந்தது.