கடலை வென்றது எது?

பழைய கடல் பந்தயப் படகுகளின் புகழுக்கு இன்ஜின்களே காரணம் என்பார்கள். ஆனால், அவற்றின் வேகத்தின் ரகசியம் படகின் அடிப்பாகத்தில்தான் இருந்தது. 1960இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நசாவுக்கு நடந்த பந்தயத்தில் கடல் கொந்தளித்தது. ரிச்சர்டு பெர்ட்ராமின் 'மோப்பி' என்ற மரப்படகு சுமார் 8 மணி நேரத்தில் கரை சேர்ந்தது. பெரும்பாலான படகுகள் மறுநாள்தான் வந்தன. மோப்பியை வடிவமைத்தவர் ரேமண்ட் ஹன்ட். அதுவரை வேகப் படகுகளின் பின்பகுதி தட்டையாக இருந்ததால், ஒவ்வோர் அலையும் சம்மட்டிபோல் அறைந்தது. ஓட்டுபவர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டியிருந்தது. ஹன்ட்டோ முனையிலிருந்து பின்கோடி வரை ஆழமான 'வி' வடிவம் கொடுத்தார். நீளவாக்கில் பதித்த மெல்லிய பட்டைகள் தண்ணீரை ஒதுக்கிப் படகைத் தூக்கிக்கொடுத்தன.

அமைதியான நீரில் தட்டையான படகுதானே வேகம் என்று கேட்கலாம். உண்மைதான்; ஆழ 'வி' படகுக்குக் கூடுதல் சக்தி வேண்டும், நிற்கும்போது அதிகம் உருளவும் செய்யும். ஆனால் நடுக்கடல் குளம்போல் கிடப்பது அபூர்வம். அலைக்கு நடுவே வேகத்தைக் குறைக்காமல் போக முடிவதுதான் அங்கே முக்கியம். பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. மோப்பியைப் பின்பற்றி ஃபைபர் கிளாஸில் உருவான 'பெர்ட்ராம் 31' மீன்பிடிப் படகாகப் பெயர் பெற்றது. ரோந்து, மீட்புப் படகுகளும் அந்த வடிவத்தை ஏற்றன. ஆகவே, அந்தப் பழைய படகுகளை நினைக்கும்போது இன்ஜினோடு ஹன்ட்டின் வடிவமைப்பையும் சேர்த்தே போற்ற வேண்டும்.