அண்ணனை வென்று ஜனாதிபதியானவர் வாங்கிய காணி

கிரிபாட்டியில் 2003ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் அனோட்டே டொங் தோற்கடித்தது தன் அண்ணன் ஹரி டொங்கை. ஆனால் உலகம் அவரை அறிந்தது கடல்மட்ட உயர்வைப் பற்றி விடாமல் பேசிய ஜனாதிபதியாகத்தான்.

நாட்டின் பெரும்பகுதி, கடலிலிருந்து இரண்டு மீற்றர்கூட உயராத பவளத்தீவுகள். மக்கள் அகதிகளாக அல்ல, தொழில் கற்று மானத்தோடு புலம்பெயர வேண்டும் என்பது டொங்கின் நிலைப்பாடு. 2014இல் பீஜியின் வனுவா லெவு தீவில் சுமார் 20 சதுர கிலோமீற்றர் காணியை அங்கிலிக்கன் திருச்சபையிடமிருந்து அவரது அரசு வாங்கியது. அங்கே ஏற்கெனவே சொலமன் தீவு வம்சாவளியினர் குடியிருந்தார்கள். பாராட்டுச் செய்திகளில் இவர்கள் அதிகம் இடம்பெறவில்லை.

மூன்று தவணைகளுக்கு மேல் அரசியலமைப்பு இடம் தராததால் 2016இல் டொங் பதவி விலகினார். அடுத்து வந்த டனேட்டி மாமாவ், மண்ணை விட்டுப் போகும் பேச்சையே விரும்பவில்லை. காணி விவசாயத்துக்கு என்றது அவரது அரசு.