நிற்கும் காரில் விழித்திருக்கும் ஜிபிஎஸ்

பிரிட்டனில் ஒரு சராசரிக் கார் சுமார் 96 விழுக்காடு நேரம் சும்மாதான் நிற்கிறது. லண்டன் பால் மால் தெருவிலுள்ள ஆர்.ஏ.சி. அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. வாரத்தின் 168 மணி நேரத்தில் வண்டி ஓடுவது ஏழு மணி நேரத்துக்கும் குறைவு. ஆல்டர்னேட்டர் சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதும் அந்த ஏழு மணி நேரத்துக்குள்தான். மீதி நேரம் முழுக்கச் செலவு மட்டுமே, வரவு இல்லை. நிறுத்திய காரில் சாட்நாவ் எனப்படும் வழிகாட்டிக் கருவியைச் செருகியபடியே விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்வியை இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ மினிகேப் ஓட்டும் இருவரைக் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும். "எப்போதும் செருகித்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பார் ஒருவர். "சனி, ஞாயிறு நிறுத்தினேன், திங்கள் காலை வண்டி கிளம்பவில்லை" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். சிகரெட் பற்றவைக்கப் பிறந்த அந்த 12 வோல்ட் சாக்கெட் எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில கார்களில் சாவியை எடுத்ததும் அதில் மின்சாரம் நின்றுவிடும். சிலவற்றில் சிறிது நேரம் கழித்து நிற்கும். சிலவற்றில் நிற்கவே நிற்காது. ஒரே காரில் முன்னால் உள்ளது ஒரு விதமாகவும் டிக்கியில் உள்ளது வேறு விதமாகவும் இருப்பதுண்டு. காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்துக் கண்ணாடி வழியே எட்டிப் பாருங்கள். அடாப்டரின் சின்ன விளக்கு இன்னும் எரிந்தால் உங்கள் சாக்கெட் எப்போதும் உயிரோடு இருக்கும் வகை.

அந்த வகையில்தான் சிக்கல். வெளி மின்சாரம் அறுபட்டால் தானாக அணைந்துகொள்ளும்படி பல சாட்நாவ்கள் அமைக்கப்பட்டுள்ளன. மின்சாரம் அறுபடாவிட்டால் கார் நின்றது அதற்குத் தெரியாது. திரை ஒளிர, 20,200 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டபடி இரவெல்லாம் விழித்திருக்கும்.

அது இழுக்கும் மின்சாரம் அற்பமானதாகத்தான் தெரியும். கால் ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியைக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டரின் வேலை இரண்டு மூன்று நொடியில் முடிந்துவிடும். சாட்நாவின் வேலை முடிவதே இல்லை. கால் ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 6 ஆம்பியர் மணி. வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரத்துக்கு 15. திருட்டு அலாரம், சாவிக்குக் காத்திருக்கும் ரிசீவர் என்று காரே தனக்காக எடுப்பது இரண்டு ஆம்பியர் மணி சேரும். 60 ஆம்பியர் மணி கொண்ட புதிய பேட்டரிக்கு இந்தப் 17 பெரிதல்ல. ஐந்தாறு வருடம் உழைத்துப் பாதி கொள்ளளவே மிஞ்சிய பேட்டரிக்கோ இது பாதிக்கு மேல். அதோடு ஜனவரிக் குளிரும் சேர வேண்டும். உறைநிலை வெப்பத்தில் ஈய பேட்டரி தன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தர மறுக்கும். அதே குளிரில் எஞ்சின் ஆயிலும் கெட்டிப்பட்டு, ஸ்டார்ட்டர் இன்னும் அதிகம் கேட்கும்.

வண்டி கிளம்பாதது ஒரு நாள் தொல்லைதான். எனக்குக் கவலை தருவது அதற்குப் பின் பேட்டரிக்குள் நடப்பது. அதை முதலில் தெளிவாகச் சொன்னவர்கள் லண்டன்காரர்கள்தாம். ஹாக்னியில் பிறந்து ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஜான் ஹால் கிளாட்ஸ்டனும், டல்விச் கல்லூரியில் கற்பித்த ஆல்பிரட் டிரைபும் 1882இல் ஈய பேட்டரியை ஆராய்ந்தார்கள். பிரான்சில் காஸ்டன் பிளாண்டே 1859இலேயே அதை உருவாக்கியிருந்தாலும் உள்ளே நடப்பது என்ன என்பதில் குழப்பம் இருந்தது. ஒரு தகடு ஈயம், மற்றது ஈய டை ஆக்சைடு. மின்சாரம் இறங்க இறங்க இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். மின்சாரம் ஏற்றினால் சல்பேட் கரைந்து தகடுகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆனால் உடனே ஏற்ற வேண்டும். இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் பொடிப்பொடியான சல்பேட் படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். பருத்த படிகம் எளிதில் கரையாது. அது மூடிய தகட்டுப் பரப்பு பயனற்றுப் போகும். ஒவ்வொரு வார இறுதியிலும் பேட்டரி பாதி இறங்கி, வாரம் முழுக்க அரைகுறையாக ஏறி, மறுபடி இறங்கினால் அதன் ஆயுள் வருடக்கணக்கில் சுருங்கும்.

லண்டன் போக்குவரத்து அந்த அரைகுறைக்கு நன்றாகவே துணை போகிறது. பல தெருக்களில் வேக வரம்பு மணிக்கு 20 மைல். பள்ளிக்கும் கடைக்கும் பத்து நிமிடப் பயணம். முகப்பு விளக்கு, வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடும் குளிர்காலத்தில் ஆல்டர்னேட்டர் தருவதில் பேட்டரிக்கு மிஞ்சுவது கொஞ்சம். குளிர்ந்த பேட்டரி அதையும் மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும்.

பிறகு ஏன் செருகியே விடுகிறார்கள்? அணைத்துப் போட்டால் மறுநாள் இடம் கண்டுபிடிக்க நேரமாகிறது என்பது ஒரு காரணம். அது பொய்யல்ல. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு சுற்று முடிய 30 நொடி. அந்த விவரம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குத்தான் செல்லும் என்பதால் காலையில் புதிதாக வாங்க வேண்டும். கேனரி வார்ஃப் கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் அறுந்து அறுந்து வந்தால் இன்னும் தாமதமாகும். ஆனாலும் அந்த ஒரு நிமிடத்துக்காக இரவு முழுக்கக் கருவியை எரியவிடுவது நியாயமான பேரம் அல்ல.

கோடையில் சேதம் கருவிக்கே நேர்கிறது. 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் வெப்பம் 40.2 டிகிரி. மூடிய காருக்குள் அதைவிடப் பல டிகிரி கூடும். கருவிக்குள் இருக்கும் லித்தியம் பேட்டரியை முழுக்க ஏறிய நிலையில் அந்தச் சூட்டில் வைத்தால் அது வேகமாக மூப்படையும், சில சமயம் உப்பும். திருடர்களைப் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை. கருவியை மட்டுமல்ல, கண்ணாடியில் உறிஞ்சுகுமிழ் விட்ட வட்டத் தழும்பையும் துடைத்துவிடச் சொல்வது பிரிட்டிஷ் போலீசின் பழைய அறிவுரை.

மின்சாரக் கார் வைத்திருப்போர் இது தமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். கதவுப் பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் இயங்குவது பெரும்பாலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியில். அது இறங்கினால், அடியில் 60 கிலோவாட் மணி மின்சாரம் இருந்தும் கார் எழாது.

எஞ்சின் காரின் பேட்டரி ஒருமுறை இறங்கிவிட்டால் ஜம்ப் லீட் போட்டுக் கிளப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டியதோடு விடக்கூடாது. முழுதாக ஏற மெயின்ஸ் சார்ஜரில் இரவு முழுக்கப் போட வேண்டும். லண்டனின் வரிசை வீடுகளில் கார் தெருவில் நிற்கும். நடைபாதையின் குறுக்கே ஒயர் இழுத்துப் போட முடியாது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தால் காற்றோட்டமான இடத்தில் வைத்தே ஏற்றுங்கள். ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும். மறுநாள் சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து வோல்ட்மீட்டர் 12.6 காட்டினால் முழுக்க ஏறியிருக்கிறது. 12.2 காட்டினால் பாதிதான்.