பட்டாளத்தார் வீட்டுக் காகிதங்கள்

படைவீரர் கொடிநாள் 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது. போரில் உயிரிழந்தோரின் குடும்பம், காயமடைந்த வீரர்கள், பணி முடித்துத் திரும்பியவர்கள் ஆகியோரின் நலனுக்குப் பொதுமக்கள் நேரடியாகப் பணம் தரும் ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் இந்த வசூலை மாவட்ட ஆட்சியர்கள் முன்னின்று நடத்துகிறார்கள். நன்கொடை விருப்பத்தின் பேரில் தருவது. தருபவர் ரசீது கேட்டு வாங்கலாம், வாங்கவும் வேண்டும். ராணுவத்தின் பெயரைச் சொல்லி ரசீது இல்லாமல் கடைவீதியில் பணம் கேட்பவரையும், வாட்ஸ்அப்பில் யாரோ ஒருவரின் கணக்கு எண்ணை அனுப்பி உதவி கேட்பவரையும் நம்ப வேண்டியதில்லை.

பணம் தருவது ஆதரவின் எளிய பகுதி. வீரர் ஊர் திரும்பிய பிறகுதான் கடினமான பகுதி தொடங்குகிறது. சட்டம் இருந்தும், திட்டம் இருந்தும், அதன் பலன் பல வீடுகளுக்கு வந்து சேருவதில்லை. காகிதத்தில் உள்ள பிழையும், அதைத் திருத்துவதில் ஏற்படும் தாமதமுமே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

எடுத்துக்காட்டாக, நிலக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த வீரர் பணி முடிந்து வந்ததும் முதலில் செல்ல வேண்டிய இடம், திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பணி விவரங்கள் அடங்கிய டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் அங்கே பதிவு செய்து அடையாள அட்டை பெற்ற பிறகே மற்ற உதவிகளுக்கு வழி திறக்கும். வேலைவாய்ப்புப் பரிந்துரை, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, தொழில் கடன் ஆகியவற்றுக்கும் இந்தப் பதிவே அடிப்படை. தமிழக அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில், முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன் பெறலாம். முதலீட்டில் 30 சதவீதம் மானியமாகக் கிடைக்கும். அம்மையநாயக்கனூரிலோ வத்தலக்குண்டிலோ கடை வைக்க நினைப்பவர், வட்டிக்கு வாங்குவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய முப்படையினரே ‘முன்னாள் படைவீரர்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படையினர் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பவர்கள். அவர்களுக்கான நலவாரியமும் விதிகளும் வேறு. இது தெரியாமல் படைவீரர் நல அலுவலகத்துக்கு அலைந்து ஏமாற்றத்தோடு திரும்பும் குடும்பங்கள் உண்டு.

அதிகாரி அல்லாத வீரருக்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டுப் பணி வேண்டும். முழுநேரப் பணியும் அதன் பின் ரிசர்வில் இருந்த காலமும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்திருந்தால், ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. வயதான பலருக்கு இது தெரியாது; டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒருமுறை கவனமாகப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே பதவியில் ஒரே அளவு காலம் பணியாற்றியவர்களுக்கு, எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும் ஒரே ஓய்வூதியம் என்ற ஏற்பாடு 2014 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகை திருத்தப்பட வேண்டும். திருத்தம் தன் கணக்கில் ஏறியதா என்று பார்ப்பது ஓய்வூதியரின் பொறுப்பாகவே இருக்கிறது.

குடும்ப ஓய்வூதியத்தில்தான் அதிகச் சிக்கல். மனைவியின் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, வங்கிக் கணக்கில் இன்னொரு மாதிரி இருக்கும். பிறந்த தேதியும் பொருந்தாது. சிலர் வீட்டில் திருமணம் நடந்த செய்தியே பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போயிருக்காது. வீரர் உயிரோடு இருக்கும்போது ஒரு விண்ணப்பத்திலும் உறுதிமொழிப் பத்திரத்திலும் முடிந்துவிடும் இந்த வேலை, அவர் இறந்த பிறகு விதவையின் தலையில் விழுகிறது. அப்போது வாரிசுச் சான்று, திருமண ஆதாரம், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை என்று மாதக்கணக்கில் இழுக்கும். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட இளம் வீரர்கள் உடனே பதிவு செய்து, நகலைத் தம் படைப்பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பெற்றோரைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி மகனுக்கும் மகளுக்கும் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற வழி இருக்கிறது. வருமானம் இல்லாத விதவை மகள், மணவிலக்குப் பெற்ற மகள் ஆகியோருக்கும் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

பணியின்போது காயமோ நோயோ ஏற்பட்டு வெளியேறியவர்களுக்கு டிசபிலிட்டி பென்ஷன் உண்டு. படையில் சேரும்போது மருத்துவப் பதிவில் இல்லாத நோய் பின்னர் வந்தால், அது பணியால் வந்ததாகவே கருத வேண்டும், இல்லை என்று காட்டும் பொறுப்பு படைத்துறையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ‘பணிக்குத் தொடர்பில்லை’ என்ற ஒரு வரியோடு மறுக்கப்பட்ட பழைய விண்ணப்பங்களுக்கு இந்தத் தீர்ப்பு உயிர் தந்திருக்கிறது. 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளிவந்தவர்களுக்குப் புதிய விதிகள் பொருந்தும் என்பதால், அவர்கள் வழக்கறிஞரைக் கலந்தாலோசித்தே விண்ணப்பிக்க வேண்டும்.

ஓய்வூதியமே இல்லாத முதியவர்களின் நிலைதான் மிகவும் கவலைக்குரியது. போர்க்காலத்தில் சேர்க்கப்பட்டு, 15 ஆண்டு நிறையும் முன் அனுப்பப்பட்டவர்கள் இவர்களில் உண்டு. ஹவில்தார் நிலை வரை பணியாற்றி, 65 வயதைக் கடந்து, ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களது விதவைகளுக்கும் மத்திய படைவீரர் வாரியம் தரும் வறுமை உதவித்தொகை மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் அது 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மகள் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாகவும், பிள்ளைகளின் கல்வி உதவி மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகவும் ஆனது. இந்த உதவிகளுக்கான பணம் கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. விண்ணப்பம் இணையவழியில், மாவட்ட நல அலுவலகத்தின் சரிபார்ப்போடு போக வேண்டும். எண்பது வயதுக்காரர் தனியாகச் செய்யக்கூடிய வேலையல்ல இது. தெருவில் படித்த பிள்ளை ஒருவர் ஒரு மணி நேரம் உடன் உட்கார்ந்தால் முடியும்; ஊரார் தரக்கூடிய ஆதரவுகளில் இதைவிடப் பயனுள்ளது குறைவு.

மருத்துவத்துக்கு, 2003இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். எனும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் இருக்கிறது. உறுப்பினர் அட்டை பெற்ற ஓய்வூதியரும் அவரைச் சார்ந்தோரும் அதன் பாலிகிளினிக்குகளிலும், அங்கிருந்து பரிந்துரைக்கப்படும் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம்.

பணியில் இருக்கும் வீரரின் நிலம் பற்றிய பாதுகாப்பு பலருக்குத் தெரியாத ஒன்று. எல்லையில் இருப்பவரின் தோட்டத்தில் வரப்பு நகர்வதும், கூட்டுப்பட்டாவில் அவர் பெயர் விடுபடுவதும், அவர் இல்லாமலே வழக்கு முடிந்துபோவதும் நடக்கக்கூடியவை. 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. போர்ச் சூழலிலோ சிறப்புப் பணிச் சூழலிலோ இருக்கும் வீரர் நேரில் வர இயலாது என்று மாவட்ட ஆட்சியர் சான்றளிக்கலாம்; அவர் சார்பில் வாதாட யாரும் இல்லாத நிலையில் நீதிமன்றம் விசாரணையை நிறுத்திவைக்க வேண்டும். அவர் இல்லாதபோது வந்த தீர்ப்பை நீக்கக் கோரவும் வழியுண்டு. விடுப்பில் வந்த வீரரின் வழக்கை முன்னுரிமை தந்து விசாரிக்க 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் 32ஆம் பிரிவு இடம் தருகிறது. படை அதிகாரியின் சான்றிதழை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் போதும்.

கடன் இன்னொரு ஆபத்து. 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி, கடனுக்காக ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. இனி வரப்போகும் ஓய்வூதியத்தை ஒருவருக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஆகவே, கடன் கொடுத்தவர் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு மாதாமாதம் பணத்தை எடுப்பதற்குச் சட்டத்தின் துணை இல்லை. கந்துவட்டி என்றால் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காவல் நிலையத்தில் புகார் தரலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நவம்பரில், வாழ்நாள் சான்று தர வேண்டும். ஸ்பார்ஷ் எனும் இணையவழி ஓய்வூதிய முறைக்கு மாறியவர்கள் பொது சேவை மையத்திலோ வங்கியிலோ கைரேகை வைத்து இதை முடிக்கலாம். சான்றைப் புதுப்பிப்பதாகத் தொலைபேசியில் பேசி ஓ.டி.பி. கேட்பவர்கள் மோசடிக்காரர்கள், எந்த ஓய்வூதிய அலுவலகமும் அப்படிக் கேட்பதில்லை. ராணுவச் சீருடைப் படத்தைக் காட்டி, மாற்றலாகிப் போவதால் பைக்கையும் கட்டிலையும் மலிவாக விற்பதாக இணையத்தில் விளம்பரம் செய்து முன்பணம் பறிப்பதும் நடக்கிறது. மக்களுக்கு ராணுவத்தின் மேல் உள்ள மரியாதையே இங்கே தூண்டிலாகிறது. பணம் போனால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணில் சொல்ல வேண்டும்.

நான்கு ஆண்டுப் பணிக்கு வீரர்களைச் சேர்க்கும், 2022 ஜூனில் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் குடும்பம் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்குத் தொடர்வார்கள். மற்றவர்களுக்கு வட்டியுடன் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி கிடைக்கும்; ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. முதல் அணியினரின் நான்கு ஆண்டு 2026 இறுதியிலிருந்து நிறைவடைகிறது. இருபதுகளிலேயே ஊர் திரும்பும் இந்த இளைஞர்களுக்கு மேற்படிப்பும் வேலையும் கிடைக்க உதவுவது, கைதட்டி வரவேற்பதைவிட அவசரமானது.

குறைகளுக்குத் தீர்வு தேடும் வழி படிப்படியானது. முதலில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உள்ளூர் விவகாரங்களுக்கு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும், முன்னாள் படைவீரர்களுக்கென நடத்தப்படும் தனிக் கூட்டத்திலும் மனு தரலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வகை செய்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். 2025 ஜூலை 26 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம், இந்தச் சட்ட உதவியைப் படைவீரர் நல அலுவலகங்களுக்கே கொண்டுவருகிறது.

ஓய்வூதிய மறுப்பை எதிர்த்து ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் வழக்குத் தொடுக்கலாம். இறுதி மறுப்பு ஆணை கிடைத்த ஆறு மாதத்துக்குள் போவது முறை. ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் உரிமை என்பதால் காலம் கடந்த வழக்குகளும் ஏற்கப்படுவதுண்டு. ஆனால் 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிலுவைத் தொகை பொதுவாக வழக்குக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கும். இருபது ஆண்டு காத்திருந்து வென்றவருக்குப் பதினேழு ஆண்டுப் பணம் திரும்பாது.