சளி பிடித்த பிள்ளைக்கு மூக்கில் ரத்தமா? தலையை நிமிர்த்தாதீர்கள்!

ஏலகிரி மலையடிவாரக் குளிர் ஜோலார்பேட்டையைத் தொட்டுவிட்டால், காலை மக்தபுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு காலையில், ஆறு வயதுப் பையன் ஒருவன் ஓதிக்கொண்டிருக்கும்போதே, "அஜ்ரத், மூக்குல ரத்தம்!" என்று எழுந்து நின்றான். சிறுவயதில் எனக்குப் பெரியவர்கள் செய்ததையே நானும் செய்தேன். அவனை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, உச்சந்தலையில் தண்ணீர் தெளித்தேன். சற்று நேரத்தில் அவன் ரத்தமாக வாந்தி எடுத்தான். அவனுடைய அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

மருத்துவர் அவனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயிற்றில் ஒன்றுமில்லை. தலையை நிமிர்த்தியதால் மூக்கு ரத்தம் தொண்டை வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அதைத்தான் வாந்தி எடுத்திருக்கிறான்." அன்று நான் செய்த தவறை இன்றும் பல வீடுகளில் செய்கிறோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் வருகிறது?

சில்லு மூக்கு உடைந்துவிட்டது, உடம்புச் சூடுதான் காரணம் என்று சொல்லி மோரும் இளநீரும் கொடுப்பது நம் வழக்கம். சூடுதான் காரணம் என்றால் குளிர்காலத்தில் ஏன் வர வேண்டும்?

மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதியில், விரல் எட்டும் இடத்திலேயே, மெல்லிய ரத்த நாளங்கள் பல ஒன்று சேர்கின்றன. பிள்ளைகளுக்கு வரும் மூக்கு ரத்தத்தில் பெரும்பகுதி இங்கிருந்து வருவதுதான். சளி பிடித்தால் அந்த இடத்துத் தோல் வீங்கிச் சிவக்கிறது. பிள்ளை ஓயாமல் சீந்துகிறது, தும்முகிறது. காய்ந்த பொருக்கை நகத்தால் நோண்டுகிறது. பொருக்கோடு தோலும் உரிந்து ரத்தம் வருகிறது. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

உடனே என்ன செய்வது?

1. பிள்ளையை உட்கார வைத்து, தலையை லேசாக முன்பக்கம் குனிய வையுங்கள். படுக்க வைக்காதீர்கள்.

2. மூக்கெலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இருபுறமும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். எலும்பின் மேல் பிடித்தால் பயனில்லை.

3. கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. பிள்ளை வாயால் மூச்சு விடட்டும். வாய்க்கு வரும் ரத்தத்தைத் துப்பட்டும்.

4. நிற்காவிட்டால் இன்னொரு 10 நிமிடம் பிடியுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

பஞ்சையோ துணியையோ உள்ளே திணிக்காதீர்கள். எடுக்கும்போது ஆறிய புண் மீண்டும் பிய்ந்துவிடும்.

மறுபடி வராமல் இருக்க

ரத்தம் நின்ற பிறகு ஒரு நாளாவது மூக்கை பலமாகச் சீந்தவோ நோண்டவோ விடாதீர்கள். உளூ செய்யும் பிள்ளையும் தண்ணீரை மூக்கில் வேகமாக இழுக்காமல் மென்மையாகச் செய்யட்டும். தொழுகையில் நிற்கும்போது ரத்தம் வந்தால், பயப்படாமல் வெளியே வந்துவிடும்படி முன்பே சொல்லி வையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மருத்துவரைக் கேட்டு, மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பயன்படுத்தலாம்.

மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த சளி மருந்தைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

காய்ச்சலோடு மூக்கில் ரத்தம் வந்தால் அதைச் சளி என்று விட்டுவிடாதீர்கள். மழைக்காலமும் அதை அடுத்த மாதங்களும் டெங்கு பரவும் காலம். மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வருவது டெங்குவின் அபாய அறிகுறி. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்தாலும் அப்படியே. ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளியும் ரத்தமும் வந்தால், பிள்ளை உள்ளே எதையாவது போட்டிருக்கலாம். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்கின் உள்ளே அரித்துவிடும்.

அடிக்கடி ரத்தம் வருகிறது, நிற்க வெகுநேரம் ஆகிறது, காரணமில்லாமல் உடம்பில் நீலத் தழும்புகள் தெரிகின்றன என்றால் ரத்தம் உறையும் தன்மையைச் சோதிக்க வேண்டும். 1926ல் எரிக் வான் வில்லிபிராண்டு என்ற பின்லாந்து மருத்துவர், ஆலண்டு தீவுகளில் ஒரு குடும்பத்தில் பலருக்கு இருந்த ரத்தப்போக்கு நோயைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தபோது 5 வயதாயிருந்த சிறுமி, 13 வயதில் மாதவிடாய் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். அந்த நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் கடுமையான வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்து சேரும்போது உண்டாவது. சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

பெண் பிள்ளைக்கு இப்படி இருப்பது வெளியே தெரிந்தால் நாளை சம்பந்தம் பேசும்போது இடைஞ்சல் வருமே என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைப்பதால் நோய் போகாது. வயதுக்கு வரும்போதும் பிரசவத்தின்போதும் அதுவே உயிருக்கு ஆபத்தாகும். முன்பே தெரிந்தால் மருந்து உண்டு, பாதுகாப்பாக வாழ வழியும் உண்டு. நமக்கு வெகு தொலைவு போக வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் ராணிப்பேட்டை வளாகத்தில் ரத்த நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது.

குனிய வையுங்கள், 10 நிமிடம் பிடியுங்கள், நிற்காவிட்டால் புறப்படுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் மக்தப் ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக.