பணம் போச்சு... ரசீது எங்கே? போஸ்ட் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நடந்த பெரிய மாற்றம்!

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம், தறிச் சத்தம் கேட்டு விடியும் ஊர். பின்கோடு 636501. இந்த ஊரில் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கிச் சேலை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய பார்சலோடு போஸ்ட் ஆபீஸ் போகிறார். எடை போட்டாயிற்று, கட்டணமும் சொல்லியாயிற்று. அடுத்து அவர் கேட்கும் கேள்வி: "ஏனுங்க, ஜிபே பண்ணலாங்களா?"

பல வருடங்களாக இதற்குக் கிடைத்த பதில், "இல்லைங்க, சில்லறையா குடுங்க" என்பதுதான். டீக்கடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது, தள்ளுவண்டிப் பழக்கடையிலும் தொங்குகிறது. நாடு முழுக்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கிளைகள் வைத்திருக்கும் அஞ்சல் துறையால் மட்டும் ஏன் முடியவில்லை?

முயற்சி செய்யாமல் இல்லை. நடுவில் கவுன்ட்டர்களில் க்யூஆர் அட்டை ஒட்டியும் பார்த்தார்கள். தொழில்நுட்பச் சிக்கல்கள், வாடிக்கையாளர் புகார்கள் என்று தொடர்ந்து வர, அந்த முறை கைவிடப்பட்டது. டீக்கடைக்கு ஒட்டு அட்டை போதும். பணம் வந்தால் ஸ்பீக்கர் கத்தும், மாஸ்டர் தலையாட்டுவார், முடிந்தது. போஸ்ட் ஆபீஸில் அப்படி இல்லை. வந்த ரூபாய் எந்த பார்சலுக்கானது, எந்தக் கவுன்ட்டரில் வாங்கியது, மாலைக் கணக்கில் எந்தத் தலைப்பில் போகும் என்று மூன்று இடத்தில் பதிவாக வேண்டும். அட்டையை ஸ்கேன் செய்து பணம் போட்டால் வங்கிக்குத் தெரியும். பார்சலை பதிவு செய்யும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது!

ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் வந்தது

கவுன்ட்டர் வேலைக்கு 'மேகதூத்', சேமிப்புக் கணக்குக்கு 'சஞ்சய் போஸ்ட்' என்று தனித்தனி மென்பொருள்களை வைத்துக்கொண்டு அஞ்சல் துறை நெடுங்காலம் ஓட்டியது. 2012-ல் 4,909 கோடி ரூபாய்த் திட்டத்தோடு பெரிய நவீனமயம் தொடங்கியது. சேமிப்புக்கு இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள் வந்தது. அதன் தொடர்ச்சியாக 2014 பிப்ரவரியில் சென்னை தி.நகரில் அஞ்சல் துறையின் முதல் ஏ.டி.எம். திறக்கப்பட்டது. தபால், பார்சல், கணக்கு வேலைகளுக்கு டி.சி.எஸ். நிறுவனம் அமைத்த இன்னொரு மென்பொருள். அஞ்சல் ஆயுள் காப்பீட்டுக்கு வேறொன்று. கிராமக் கிளைகளுக்கு 2017 டிசம்பரில் 'தர்பன்' திட்டம், கைக்கு அடக்கமான கருவியோடு வந்தது. 2018 செப்டம்பரில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி, அதற்கென்று ஒரு மென்பொருள்.

எதுவும் மோசமான பொருள் அல்ல. எல்லாமே அந்தந்தக் காலத்தின் தேவைக்கு வந்தவைதான். ஆனால் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தானே? அவருக்கு இங்கே ஒரு பாஸ்வேர்டு, அங்கே ஒரு பாஸ்வேர்டு, சாயந்திரம் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கு நேராக வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் வீட்டுக்குப் போக முடியாது.

இப்படிப் பழைய மென்பொருள்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும் நிறுவனங்கள் இன்று கையில் எடுக்கும் வழிதான் 'சேவை சார்ந்த கட்டமைப்பு'. பெயர் மிரட்டுகிறது. ஜலகண்டாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

ஒரு சேலை ஒரே வீட்டில் உருவாவதில்லை. சாயம் போடுவது சாயப் பட்டறை, பாவு ஓட்டுவது இன்னொருவர், நெய்வது தறிக்காரர். சாயப் பட்டறைக்காரர் பழைய அடுப்பை எடுத்துவிட்டுப் புது பாய்லர் வைத்தால் தறிக்காரருக்கு என்ன கவலை? பேசிய நிறம், பேசிய எடை, பேசிய நாளில் நூல் வந்தால் போதும். மென்பொருளிலும் அதே கதைதான். 'கட்டணம் எவ்வளவு?' என்று கேட்டால் பதில் சொல்வதே ஒரு பகுதியின் வேலை. 'பணம் வந்ததா?' என்பதற்கு இன்னொன்று. 'பார்சல் இப்போது எங்கே?' என்பதற்கு வேறொன்று. எப்படிக் கேட்க வேண்டும், எப்படிப் பதில் வரும் என்ற பேச்சு மட்டும் மாறக் கூடாது. உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இதையே இன்னும் சின்னச் சின்னத் துண்டுகளாக்கினால் 'மைக்ரோசர்வீஸ்'.

அஞ்சல் துறை எடுத்தது இந்தப் பாதையைத்தான். சுமார் 5,800 கோடி ரூபாய் முதலீட்டிலான 'ஐ.டி. 2.0' திட்டத்தில், மைசூருவில் உள்ள துறையின் சொந்தத் தொழில்நுட்ப மையமே மைக்ரோசர்வீஸ் முறையில் ஒரு மென்பொருளை எழுதியது. சுருக்கமாக, ஏ.பி.டி. வெளி நிறுவனத்திடம் கொடுக்காமல் துறையின் ஆட்களே எழுதினார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். அரசின் 'மேக்ராஜ் 2.0' கிளவுடில் ஓடுகிறது. இணைப்பு, பி.எஸ்.என்.எல்.

இப்போது அந்த க்யூஆர் கேள்விக்கு வருவோம். புது முறையில் ஒவ்வொரு பார்சலுக்கும் தனி க்யூஆர் திரையில் வரும். தொகை அதற்குள்ளேயே இருக்கும், எந்த பதிவுக்கானது என்ற அடையாளமும் இருக்கும். பணம் போனதும் தகவல் திரும்பி வந்து, அதே பதிவில் உட்காரும். ஒட்டு அட்டையால் செய்ய முடியாமல் போனது இதைத்தான்.

பனையில் முளைத்த ஆல்

பழைய மென்பொருளை ஒரே ராத்திரியில் பிடுங்கி எறிய முடியுமா? முடியும். விலை கொடுக்கத் தயாராக இருந்தால்!

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே மூச்சில் புது அமைப்புக்கு மாற்றியது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நின்றார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு விதிக்கப்பட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டு.

இதற்கு மாற்றாக மென்பொருள் உலகம் சொல்லும் வழியை நம் ஊரில் எந்தச் சாலையோரத்திலும் பார்க்கலாம். பனை மரத்தில் பறவை எச்சமிட்ட ஆலம் விதை முளைத்து, மெல்ல மெல்ல விழுது இறக்கி, பனையைச் சுற்றிக்கொண்டு வளரும். ஒரு நாள் பார்த்தால் ஆலமரம் நிற்கும், பனை உள்ளே இருக்கும் அல்லது இருக்காது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காட்டில் இதே போன்ற மரத்தைப் பார்த்த மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர், 2004-ல் இந்த முறைக்கு அந்த மரத்தின் பெயரையே வைத்தார். பழையது ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வேலையாகப் புதிது எடுத்துக்கொள்ளும்.

அஞ்சல் துறை செய்தது இரண்டுக்கும் நடுவில். சேமிப்புக் கணக்கின் ஃபினாக்கிளைத் தொடவில்லை. மாறியது தபால், பார்சல், கவுன்ட்டர், அலுவலகக் கணக்கு. அதுவும் முதலில் கர்நாடகாவில் மட்டும், 2025 மே, ஜூன் மாதங்களில் வெள்ளோட்டம். பிறகு வட்டம் வட்டமாக மற்ற மாநிலங்கள். மாறும் நாளில் அந்தந்தப் பகுதி அலுவலகங்களில் பரிவர்த்தனை கிடையாது என்று முன்கூட்டியே அறிவிப்பு. 4.6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குப் பயிற்சி. 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி நாடு முழுக்க வேலை முடிந்தது. ஒரே நாளில் 32 லட்சத்துக்கும் மேல் தபால் பதிவு, 37 லட்சத்துக்கும் மேல் பட்டுவாடா நடந்ததாகத் துறை அறிவித்தது.

எண்ணிக்கை பிரமாதம்தான். ஆனால் கவுன்ட்டருக்கு வெளியே நின்றவர்களின் அனுபவம் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ரக்ஷா பந்தன் ஆகஸ்ட் 9. ராக்கி கயிறு அனுப்ப வந்தவர்கள் பல ஊர்களில் மந்தமான சர்வருக்கு முன்னால் வரிசையில் காத்திருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பா இந்த வேலையை முடிப்பது என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

இரண்டு முறை அழுத்தினால்?

வரிசை இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இந்தக் கட்டமைப்போடு கூடவே வருகிறது.

வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தால், துண்டுகளுக்கு நடுவில் தகவல் பயணிக்க வேண்டும். சாயப் பட்டறைக்கும் தறிக்கும் நடுவில் நூல் தொலைந்தால் என்ன ஆகும்? கிராமத்துக் கிளை அஞ்சலகம். சிக்னல் வந்து வந்து போகிறது. போஸ்ட் மாஸ்டர் அம்மா 500 ரூபாயைப் பதிவு செய்து பட்டனை அழுத்துகிறார். திரை சுற்றிக்கொண்டே நிற்கிறது. போனதா, போகவில்லையா? மறுபடி அழுத்துகிறார். தகவல் இரண்டு முறை போய்ச் சேர்ந்தால் கணக்கில் 1,000 ரூபாய் ஏறும். கையில் இருப்பதோ 500. மிச்சத்துக்கு யார் பொறுப்பு?

இது கற்பனைப் பயம் அல்ல. பிரிட்டன் அஞ்சல் துறையில் 1999-ல் வந்த 'ஹொரைசன்' என்ற மென்பொருள், கிளை அஞ்சலகங்களில் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் தயாரிப்பு. கம்ப்யூட்டர் தப்புச் சொல்லாது என்று நம்பிய நிர்வாகம், போஸ்ட் மாஸ்டர்கள் மீது வழக்கு போட்டது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க் கணக்குக் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். சிலர் வீட்டை விற்றுப் பணம் கட்டினார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024 மே மாதம் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். அந்தப் பிழைகளில் ஒன்று, கிளைகளுக்குள் பணம் அனுப்பியதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கணக்கில் ஏற்றிய பிழை.

இதைத் தடுக்கும் வழி எளிது. சொல்வதற்கு எளிது! ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் பிறக்கும்போதே ஒரு தனி எண். அதே எண்ணோடு தகவல் பத்து முறை வந்தாலும் ஒரு முறைதான் கணக்கில் ஏற வேண்டும். பதில் வரவில்லை என்றால் மறுபடி அழுத்துவதற்கு முன், 'அந்த எண் என்ன ஆயிற்று?' என்று கேட்க வேண்டும். அதோடு, எந்தத் தகவல் எத்தனை மணிக்கு எங்கிருந்து வந்தது என்ற பதிவை, பணத்துக்குப் பொறுப்பேற்கும் போஸ்ட் மாஸ்டரே பார்க்க முடிய வேண்டும். ஹொரைசன் வழக்குகளில் சிக்கியவர்களுக்குக் கிடைக்காமல் போனது இந்தக் கடைசி விஷயம்தான்.

மாற்றினால் என்ன லாபம்?

ஒரு சின்ன உதாரணம் போதும். புது மென்பொருள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டது. அக்டோபர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட் கட்டணமே மாறியது, 2012-க்குப் பிறகு முதல் முறையாக. ஓ.டி.பி. சொன்னால்தான் பட்டுவாடா என்ற வசதிக்கு 5 ரூபாய், மாணவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி என்று புதுக் கணக்குகள் சேர்ந்தன. கட்டணம் ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தால், எல்லாவற்றையும் திறந்து திருத்த வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் கவுன்ட்டரில் ஒரு விலை, இணையத்தில் ஒரு விலை. கட்டணம் தனிச் சேவையாக இருந்தால் மாற்றம் ஓரிடத்தில்தான்.

சேலை விற்கும் பெண்ணுக்கும் இதில் காரியம் இருக்கிறது. வெளி நிறுவனங்களின் மென்பொருளும் இந்தச் சேவைகளோடு பேசலாம் என்ற திறந்த முறையைத் துறை அறிவித்திருக்கிறது. அது முழுமையாக நடந்தால் ஆர்டர் எடுக்கும் செயலியே பார்சலைப் பதிவு செய்து, எங்கே போகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடும். "அக்கா, பார்சல் அனுப்பிட்டீங்களா?" என்று நாலு முறை போன் வராது.

அதுவரை ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ.யில் பணம் போய், ரசீது வராவிட்டால் உடனே மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள். செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கவுன்ட்டரில் காட்டுங்கள். வாங்கியவர் தரப்புக்கு உறுதித் தகவல் போகாமல் உங்கள் கணக்கில் மட்டும் பணம் கழிந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி அடுத்த 5 நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.