செயற்றிட்ட முகாமைத்துவம்: அதுவும் ஒரு தொழிலா?

உயர்தரம் முடிந்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பவர்களிடம், "செயற்றிட்ட முகாமைத்துவம்" என்பேன். பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். வாப்பா மட்டும் நேராகவே கேட்டார்: "அதுவும் ஒரு தொழிலா மகள்? வேலை நடக்கிறதப் பார்த்துக்கொள்றது எல்லாரும் செய்றதுதானே?"

வாப்பாவுக்குப் பதில் சொல்ல எனக்கு உதவியது ராத்தாவின் வீடுதான்.

கிழக்கில் எங்கள் ஊரில், பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடிப்பது வழக்கம். தேதியைக் குறித்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். மேசன், ஓடாவி, வயரிங் செய்தவர் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனால் சுவர் பூசி முடிந்த பிறகுதான் வயரிங் வேலைக்கு ஆள் வந்தார். பூசிய சுவரைக் கொத்தி, குழாய் பதித்து, மீண்டும் பூச வேண்டியதாயிற்று. கதவுகளுக்கு ஓடாவியிடம் சொன்னதும் கடைசியில்தான். அவர் மூன்று வாரம் கேட்டார். நடுவில் ஓர் அறையையும் கூட்டினோம். கலியாணம் ஒரு மாதம் தள்ளிப்போனது. உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. யாருடைய கைவேலையிலும் பிழை இல்லை. எல்லா வேலைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒருவர் இல்லாததே பிழை.

அந்த ஒருவர்தான் செயற்றிட்ட முகாமையாளர்.

தொடக்கமும் முடிவும் உள்ள, ஒரு தடவை செய்து முடிக்கும் வேலையே செயற்றிட்டம். பேக்கரியில் தினமும் பாண் போடுவது செயற்றிட்டம் அல்ல. புதிய பேக்கரி ஒன்றைத் திறப்பது செயற்றிட்டம். அதில் மூன்று விடயங்கள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன: என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு காலம், எவ்வளவு பணம். ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் மீண்டும் கணக்குப் பார்க்க வேண்டும். நாங்கள் ஓர் அறையைக் கூட்டியபோது அதைத்தான் செய்யவில்லை.

இதற்கென்று முறைகளும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொறியியலாளர் ஹென்றி கான்ட், எந்த வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதைப் பட்டைகளாகக் காட்டும் வரைபடத்தைப் பரவச் செய்தார். 1950களின் பிற்பகுதியில் 'கிரிட்டிக்கல் பாத்' என்ற முறை வந்தது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்ற வேலைகளைச் சங்கிலியாக எழுதுவார்கள். மிக நீண்ட சங்கிலியே முடியும் நாளைத் தீர்மானிக்கும். அதில் ஒரு நாள் பிந்தினால் முழு வேலையும் ஒரு நாள் பிந்தும். வயரிங்குக்குப் பின்னரே பூச்சு, அது சங்கிலி. கதவு செய்வதோ சுவர் எழும்பும்போதே ஓடாவியின் பட்டறையில் நடந்திருக்கலாம்.

இது அங்கீகாரம் பெற்ற தொழில். அமெரிக்காவில் பீ.எம்.ஐ. எனப்படும் செயற்றிட்ட முகாமைத்துவ நிறுவனம் 1969இல் தொடங்கியது. அதன் கிளையொன்று கொழும்பிலும் இயங்குகிறது. அந்நிறுவனம் 1984 முதல் வழங்கும் பீ.எம்.பீ. சான்றிதழ் உலகெங்கும் மதிக்கப்படுகிறது. நான்காண்டுப் பட்டம் பெற்ற ஒருவர் அதற்குத் தோற்ற, செயற்றிட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணித்தியாலப் பயிற்சியும் வேண்டும். பாடசாலைக் கல்வி முடித்தவர்களுக்கு சீ.ஏ.பீ.எம். என்ற ஆரம்பச் சான்றிதழ் உண்டு. அதற்கு 23 மணித்தியாலப் பயிற்சி போதும். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் பட்டப்பின் படிப்பும் இருக்கிறது. சான்றிதழ்ப் பரீட்சைகள் தமிழில் இல்லை என்பதால், இப்போதிருந்தே ஆங்கிலத்தில் கவனம் செலுத்துவது நல்லது.

ஒன்றைப் பெற்றோர்களும் அறிய வேண்டும். படித்த மறுநாளே யாரும் முகாமையாளர் ஆவதில்லை. முதலில் கட்டடம், மென்பொருள், சுகாதாரம், நிவாரணப் பணி என ஏதாவது ஒரு துறையை அறிய வேண்டும். சிறிய பொறுப்புகளில் இருந்து பழக வேண்டும். ஆகவே விஞ்ஞானம், வர்த்தகம், கலை என எந்தப் பிரிவு மாணவிக்கும் இந்தப் பாதை திறந்தே இருக்கிறது.

வாப்பாவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். "ஆம்" என்று அவர் இன்னும் சொல்லவில்லை. ஆனால் வீட்டு மதில் வேலை தொடங்க இருந்த அன்று, ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"முதல்ல எதச் செய்யணும், அடுத்து எது எண்டு எழுதுங்க மகள்" என்றார்.